பார்க்காமல் விட்ட கிளை

சிநேகா கண் விழித்தபோது மணி ஒன்பதே முக்கால். புதன்கிழமைகளில் அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் அம்மா எழுப்பாமல் விட்டிருந்தாள். மேசைமேல் மடிக்கணினி இரவெல்லாம் ஓடிய சூட்டில் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. பல் தேய்க்கப் போகுமுன் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்றுதான் திரையைத் தொட்டாள்.

சதுரங்கப் பலகையின் ஓரத்தில், யார் கை ஓங்கியிருக்கிறது என்று கணினி கணித்துக் காட்டும் எண் இருந்தது. அவள் தூங்கப் போகும்போது அது வெள்ளைக் காய்களுக்குச் சாதகமாக ஒன்றரை காட்டியது. இப்போது அதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி நின்றது. கழித்தல் இரண்டு. அதாவது, வெள்ளைக்கு ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்த கதை.

தப்பான நிலையை ஓடவிட்டுவிட்டோமோ என்று காய்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். தப்பில்லை. ஒரு மாதமாக அவள் வினிதாவுக்காகத் தயாரித்து வைத்திருந்த அதே நிலைதான். அதில் அவள் பார்க்காமல் விட்ட ஒரே ஒரு கிளை. நேற்று சாயங்காலம் வினிதா போன் செய்து, “அந்தக் குதிரைய நாளைக்குப் போட்டுடலாமாடி? எல்லாம் பாத்துட்டியா?” என்று கேட்டபோது, “எல்லாம் பாத்துட்டேன். கண்ண மூடிகினு போடு” என்று சொல்லியிருந்தாள். பொய். இருபத்து மூன்று கிளைகளைப் பார்த்திருந்தாள். இருபத்து நான்காவதைப் பார்க்கவில்லை.

வினிதாவின் போட்டியில் கடைசிச் சுற்று பத்து மணிக்குத் தொடங்கும். வினிதாவின் எண்ணை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது குரல். மறுபடி அழுத்தினாள், அதே குரல். வினிதாவின் அண்ணன் ஆனந்தனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கடிகாரத்தில் ஒன்பது ஐம்பத்தொன்று, ஐம்பத்து மூன்று, ஐம்பத்தாறு என்று ஓடியது. ஆட்டம் தொடங்குவதற்கு முன் சொன்னால் அது யோசனை. தொடங்கிய பிறகு சொன்னால் அது திருட்டு. இரண்டுக்கும் நடுவே இருந்த நாலு நிமிடத்தில் அவள் ஆனந்தனுக்கு ஆறு தடவை அடித்தாள்.

சிநேகாவும் வினிதாவும் ஒருவரையொருவர் முதலில் பார்த்தது, பதின்மூன்று வயதில், செங்கல்பட்டில் நடந்த ஒரு பள்ளிப் போட்டியில். சிநேகாவின் அப்பா உழுத நிலத்தை விட்டு லாரி ஓட்டப் போனவர். வினிதாவின் அப்பா மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் தேவனேரிக் குப்பத்தில் கடலுக்குப் போகிறவர். அன்று வினிதா இவளை இருபது நகர்த்தலில் முடித்துவிட்டு, ‘நீ எங்க தப்பு பண்ணேன்னு காட்டட்டா?’ என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்படிப் பிடித்துக்கொண்டது அந்தச் சிநேகம்.

கல்லூரியோடு சிநேகா போட்டிகளுக்குப் போவதை விட்டுவிட்டாள். போட்டிப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாலே பயம். ஆனால் ஆட்டத்தை விடவில்லை. சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவளுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. செங்கல்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். அந்த நேரம் முழுக்க, அந்த வாரம் உலகத்தில் கிராண்ட்மாஸ்டர்கள் ஆடிய ஆட்டங்களை போனில் இறக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பாள். பெரிய ஆட்டக்காரர்களுக்கு முதல் பதினைந்து நகர்த்தல் மனப்பாடம். அந்த மனப்பாடப் பாதையில் எங்காவது ஓரிடத்தில், இதுவரை யாரும் போகாத ஒரு திருப்பம் இருக்கும். அதை முதலில் கண்டுபிடிக்கிறவனிடம் எதிரியின் மனப்பாடம் பலிக்காது. எதிரி அங்கே தனியாக நின்று யோசிக்க வேண்டியதுதான். அந்தத் திருப்பங்களைத் தேடுவதில்தான் தனக்கு ருசி என்று சிநேகா தெரிந்துகொண்டாள். தேடிக் கண்டதையெல்லாம் வினிதாவுக்குக் கொடுத்தாள். வினிதா ஆடினாள்.

பெண் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு மூன்று போட்டிகளில் குறிப்பிட்ட தரத்துக்கு ஆடிக் காட்ட வேண்டும். வினிதா இரண்டில் காட்டிவிட்டாள். மூன்றாவது, இப்போது மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் நடந்துகொண்டிருந்தது. எட்டுச் சுற்று முடிந்துவிட்டது. ஒன்பதாவதும் கடைசியுமான சுற்றில் அவள் ஜெயிக்க வேண்டும், டிரா போதாது. எதிராளி சேலத்துக்காரர் கோதண்டராமன், நாற்பதைத் தாண்டிய கிராண்ட்மாஸ்டர். கருப்பில் ஆடினால் இருபது வருடமாக ஒரே ஒரு தடுப்பைத்தான் ஆடுவார். அந்தத் தடுப்புக்கென்றே சிநேகா ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். பதினேழாவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரையைக் கொண்டுபோய் எதிரிச் சிப்பாயின் வாயிலேயே வைத்துவிட வேண்டும். அவர் வெட்டினால் நடுக்கோடு திறந்து, வெள்ளை யானை கருப்பு ராஜாவுக்கு நேராகச் செக் வைக்கும். அவர் பிஷப்பை இழுத்து நடுவே மறைப்பார். அதன்பிறகு எங்கே போனாலும் அடி.

பிஷப்பை இழுக்காமல் ராஜாவே ஒரு கட்டம் பக்கவாட்டில் நகர்ந்தால்? கோட்டை கட்டும் வாய்ப்பையும் இழந்து, சொந்தக் காய்களுக்கும் வழியடைத்துக்கொண்டு நிற்கிற அவலட்சணமான நகர்த்தல் அது. ஆபீசில் அந்த வாரம் புது வெளியீடு, தலைக்குமேல் வேலை. அதை யார் ஆடப்போகிறார்கள் என்று சிநேகா தள்ளிப்போட்டாள். நேற்று பொய் சொன்ன பிறகு மனசு உறுத்தி, கணினியை அந்த நிலையில் ஓடவிட்டாள். திரையைப் பார்த்தபடியே தூங்கிவிட்டாள்.

பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஆனந்தன் திருப்பி அழைத்தான். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தானாம். “வினி உள்ள போயிட்ச்சி. போனு, வாட்சு எல்லாத்தையும் வாங்கி வெச்சிக்கினாங்க. இன்னா விஷயம்?”

“ஒண்ணுமில்லண்ணா. சும்மாதான்” என்றாள் சிநேகா. ஒரு நாளுக்குள் இரண்டாவது பொய்.

உடம்பு சரியில்லை என்று ஆபீசுக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு, கையில் கிடைத்த சுடிதாரை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அம்மா இட்லித் தட்டோடு பின்னாலேயே வாசல்வரை வந்தாள். போய் என்ன செய்யப் போகிறோம் என்று சிநேகாவுக்கே தெரியாது. வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

பஸ் நிலையத்தில் மாமல்லபுரம் வண்டி புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்து போனைத் திறந்தாள். போட்டியின் ஆட்டங்கள் இணையத்தில் ஓடும், ஆனால் கால் மணி நேரம் தாமதமாக. வெளியிலிருந்து யாரும் பார்த்துவிட்டு உள்ளே துப்புக் கொடுக்கக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஆக, அவள் பார்க்கிற பலகை எப்போதும் கால் மணிக்கு முந்தைய பலகை. இந்த நிமிடம் அங்கே என்ன நடக்கிறது என்பது தெரியாது.

ஆறு நகர்த்தல் ஆகியிருந்தது. ஆறும் அவள் எழுதிக் கொடுத்தவை. கோதண்டராமனும் இருபது வருடமாக ஆடுவதைத்தான் ஆடியிருந்தார்.

மாறு, மாறு என்று அவள் அந்த மனிதரை மனசுக்குள் கெஞ்சினாள். ஒரு சிப்பாயை முன்னே பின்னே வைத்தால் போதும், பாதை வேறாகிவிடும், குதிரையைப் பலி கொடுக்கும் பேச்சே எழாது. எட்டாவது நகர்த்தல் வந்தது. மாறவில்லை. ஒன்பதும் பத்தும் மாறவில்லை. ஒவ்வொரு முறை திரையில் காய் நகரும்போதும் அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், யாருக்காவது உடம்பு முடியலையா என்று கேட்டாள். சிநேகா தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆட்டக்காரர்களின் மீதி நேரமும் திரையில் தெரிந்தது. அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது. வினிதாவுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அரை நிமிடம் கூடும். பதினோரு நகர்த்தல் ஆடிய பிறகு அவளிடம் நூற்று இருபத்து நாலு நிமிடம் இருந்தது. யோசிக்கவே இல்லை. சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிக்கொடுத்தபடி வைத்துக்கொண்டே போகிறாள். அத்தனை நம்பிக்கை.

பன்னிரண்டாவதில் கோதண்டராமன் யோசிக்கத் தொடங்கினார். திருக்கழுக்குன்றம் வந்து, நின்று, கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியபோதும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். ஏதோ சூது இருக்கிறது என்று மோப்பம் பிடித்துவிட்டார் போல. சிநேகாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஊரைத் தாண்டியதும் சிக்னல் போயிற்று. வயலும் செங்கல் சூளையுமாக ஜன்னலில் ஓட, அவள் அசையாத பலகையை வெறித்துக்கொண்டிருந்தாள். சிக்னல் திரும்பியபோது பதினாலாவது நகர்த்தல் ஆகியிருந்தது. அவர் மாறவில்லை.

மாமல்லபுரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து விடுதி வாசலுக்கு வந்தபோது மணி பதினொன்றேகால். வாசலுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் ஆனந்தன் பைக்மேல் உட்கார்ந்திருந்தான். விடிகாலை கடலுக்குப் போய் வந்த களைப்பு அவன் கண்ணில் இருந்தது. இவளைக் கண்டதும் இறங்கி வந்தான்.

அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். பொய் சொன்னதை மட்டும் விட்டுவிட்டு, ஒரு இடத்தில் தப்பு இருக்கிறது, குதிரையை வைத்தால் தோற்றுவிடுவாள் என்றாள். ஆனந்தனுக்குச் சதுரங்கம் தெரியாது. ஆனால் தங்கை தோற்பாள் என்பது புரிந்தது.

“குதிரைய வெச்சிட்ச்சா?”

“தெரியலண்ணா. இன்னும் வெச்சிருக்க மாட்டா. இன்னும் ரெண்டு மூணு நகர்த்தல் இருக்கும்.”

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். உள்ளே பக்கவாட்டில் கண்ணாடிச் சுவர் இருக்கிறதாம்; அதற்கு வெளியே தோட்டக்காரர்கள் நடமாடுகிறார்களாம்; வினிதாவின் நாற்காலி அந்தப் பக்கம் பார்த்துத்தான் இருக்கிறதாம். “நான் போயி நிக்கிறேன். வினி என்னைப் பாக்கும். தலைய இப்டி ஒரு தபா ஆட்டிட்டு வந்துர்றேன். அவ்ளோதான் மேட்டரு.”

“வேணாண்ணா.”

“யாரு பாக்கப் போறா?”

“மாட்டினா இந்த ஆட்டம் மட்டும் போகாது. இதுவரைக்கும் அவ ஆடின எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க.”

“மாட்டலன்னா?” என்றான் ஆனந்தன்.

மாட்டவில்லை என்றால் என்ன என்ற கேள்வி சிநேகாவுக்குள்ளும் பஸ்ஸில் ஏறியதிலிருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவன் வாய்விட்டுக் கேட்ட பிறகுதான், தான் எதற்காக இத்தனை தூரம் ஓடி வந்தோம் என்று அவளுக்கே பயமாக இருந்தது. “நீ இங்கயே இருண்ணா, நான் போயிப் பாத்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு நடந்தாள். ‘சும்மா பார்க்கத்தான்’ என்று தனக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டாள்.

கதவருகே போனையும் பையையும் வாங்கிக்கொண்டு, ஒரு கருவியால் உடம்பைத் தடவிவிட்டு உள்ளே விட்டார்கள். குளிரூட்டிய பெரிய கூடம். நாற்பது ஐம்பது பலகைகள், எண்பது தொண்ணூறு பேர். ஆனாலும் கடிகாரத்தைத் தட்டுகிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை. பார்வையாளர்களுக்கு ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். வினிதாவின் மேசை கயிற்றிலிருந்து பத்தடி தூரம்.

கோதண்டராமன் இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றிக் குனிந்திருந்தார். வினிதாவைக் காணவில்லை. எதிராளி யோசிக்கும்போது எழுந்து நடப்பது வழக்கம்தான். சிநேகா எட்டிப் பலகையைப் பார்த்தாள். பதினாறாவது நகர்த்தல். குதிரை இன்னும் பழைய இடத்திலேயே நின்றது. அவர் எதிர்பார்த்தபடி ஆடினால் அடுத்தது பலிதான்.

தண்ணீர் வைத்திருந்த மேசைப் பக்கமிருந்து வினிதா வந்தாள். நீலச் சட்டை, இறுகப் பின்னிய ஒற்றைச் சடை. கயிற்றோரம் சிநேகாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அடுத்த கணம் அந்தச் சிரிப்பு அப்படியே பாதியில் நின்றது. வினிதா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு தலையசைப்பு போதும். அதுகூட வேண்டாம், ஒரு இமை துடிப்பு. கழுத்து நரம்பு தானாகவே முறுக்கிக்கொள்வதை சிநேகா உணர்ந்தாள். தன் உடம்பு தன்னைக் கேட்காமலே ஏதாவது செய்துவிடுமோ என்று நடுங்கிப்போனாள். முகத்தைத் திருப்பி, சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளைப் படிக்கிறவள் மாதிரி நின்றாள். எழுத்துகள் எதுவும் சேரவில்லை.

“உடம்புக்கு ஏதாவதுங்களாம்மா?”

தூக்கிவாரிப் போட்டது. தலைமை நடுவர் மார்கரெட் பக்கத்தில் நின்றிருந்தார். சட்டையில் பெயர் குத்தியிருந்த, கண்ணாடி போட்ட, ஐம்பது வயதுப் பெண்மணி. குரலில் அன்பு இருந்தது, கண் மட்டும் இவளை அளந்தது. இவ்வளவு குளிரில் இப்படி வியர்க்கிறதே என்றார். ஆட்டக்காரருக்கு யார் நீங்கள் என்று கேட்டார். தோழி என்றாள் சிநேகா. காலையில் சாப்பிடவில்லை, அதனால்தான் என்றாள். மார்கரெட் ஒரு நாற்காலியைக் காட்டினார். அது வினிதாவின் முதுகுப் பக்கம் இருந்தது. சிநேகா போய் உட்கார்ந்தாள். நடுவர் அவளுக்கும் மேசைக்கும் நடுவே நகராமல் நின்றார்.

அங்கிருந்து வினிதாவின் முதுகும், சுவரில் பெரிதாக மாட்டியிருந்த திரையில் பலகையும் தெரிந்தன. கோதண்டராமன் தன் பதினாறாவதை ஆடினார். எதிர்பார்த்த அதேதான். இனி வினிதா கையை நீட்டிக் குதிரையை எடுக்க வேண்டியது. அவள் எடுக்கவில்லை.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம். இதுவரை ஒரு நிமிடம்கூடச் செலவழிக்காதவள் கையைக் கட்டிக்கொண்டு சிலைபோல உட்கார்ந்திருந்தாள். தானாகவே பார்த்துவிட்டாளோ? அந்த ராஜா நகர்த்தலைத் தானே கண்டுபிடித்துவிட்டாளோ? சிநேகா மாரியம்மனிலிருந்து தொடங்கித் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள். இருபதாவது நிமிடத்தில் வினிதாவின் கை நீண்டது. குதிரையைத் தூக்கி, சிப்பாயின் வாயில் வைத்தாள்.

கோதண்டராமன் நிமிர்ந்தார். எதிரில் இருந்தவளை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டு முப்பத்தெட்டு நிமிடம் அசையவில்லை. சிநேகா ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணினாள். முப்பத்து ஒன்பதாவது நிமிடத்தில் அவர் குதிரையை வெட்டினார். வினிதா சிப்பாயால் திருப்பி வெட்டினாள். கோடு திறந்தது, செக்.

அவர் கை பிஷப்புக்கு மேலே போயிற்று. அந்தக் கை பிஷப்பைத் தாண்டி, ராஜாவை இரண்டு விரலால் பிடித்து, மெதுவாக ஒரு கட்டம் பக்கத்தில் நகர்த்தி வைத்தது.

இத்தனை நேரமும் அவர் யோசித்தது இதைத்தான். கணினிக்கு ஓர் இரவு பிடித்ததை அந்த மனிதர் முப்பத்தெட்டு நிமிடத்தில் பார்த்துவிட்டார்.

அதன்பிறகு நடந்தது இரண்டு மணி நேரம். சிநேகாவால் எழுந்து வெளியே போகவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. வினிதாவுக்குக் குதிரை போய்விட்டது, பதிலுக்கு ஒரே ஒரு சிப்பாய். அடி என்று நினைத்தது எதுவும் அடியாக இல்லை. ஆனால் அவள் அவசரப்படவில்லை. இருந்த நேரத்தில் பாதியை ஒரே நகர்த்தலுக்குச் செலவழித்து, தாக்குகிற யோசனையையே கைவிட்டு, ஓரத்துச் சிப்பாய்களை ஒவ்வொன்றாகத் தள்ளத் தொடங்கினாள். சிநேகா எழுதிக் கொடுத்த தாளில் அப்படி ஒன்று எங்குமே கிடையாது. கோதண்டராமனுக்கு நேரம் குறைந்துகொண்டே வந்தது. முப்பத்தாறாவதில் அவர் ஒரு தவறான வெட்டு வெட்டினார். முப்பத்தொன்பதாவதில் கையை நீட்டி டிரா கேட்டார். கருப்பின் கை அப்போதும் சற்று ஓங்கியே இருந்தது. வினிதா இரண்டு நிமிடம் பலகையைப் பார்த்துவிட்டுக் கையைக் கொடுத்தாள்.

அரைப் புள்ளி. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்று. மூன்றாவது வாய்ப்பு போயிற்று.

விடுதிக்குப் பின்னால், கடலைப் பார்த்த குட்டைச் சுவரில் வினிதா உட்கார்ந்திருந்தாள். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. தூரத்தில் இரண்டு படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. சிநேகா போய்ச் சற்றுத் தள்ளி நின்றாள். அழுதுவிடக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வினிதாவே ஆரம்பித்தாள்.

“ராஜா நவுர்ற லைன நீ பாக்கல. அதான?”

“பாக்கல.”

“எப்பத் தெரிஞ்சிது?”

“இன்னிக்குக் காலைல. உனக்குப் போன் பண்ணேன், ஆஃப் ஆயிருந்துது.”

“நேத்து இன்னா சொன்ன என்கிட்ட?”

சிநேகா சொன்னாள். ‘எல்லாம் பாத்துட்டேன்’ என்ற அதே வார்த்தைகளை. வேலை அதிகமாக இருந்ததென்றும், அதை யாரும் ஆடமாட்டார்கள் என்று நினைத்ததாகவும் சொல்ல வாயெடுத்தாள். வினிதா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“ஓட்ட இருந்தா இருக்கட்டும்டி. பெரிய பெரிய ஆளுங்களுக்கே ஓட்ட வுழுது. பாக்கலன்னு சொல்லியிருந்தா நேத்தே ஒக்காந்து நான் பாத்திருப்பேன். இல்ல, வேற ஆடியிருப்பேன்.” சிநேகா பக்கம் திரும்பினாள். “அதுவும் போவட்டும். நீ எதுக்கு உள்ள வந்த?”

“சும்மா பாக்கத்தான்...”

“இன்னொரு பொய் சொல்லாத.”

சிநேகா தலையைக் குனிந்துகொண்டாள்.

“வேல நாள்ல, தல வாராம, செத்த மூஞ்சியோட வந்து நிக்கிற. எங்கயோ ஓட்ட கீதுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிபோச்சி. எங்கன்னுதான் தெரியல. குதிரைய வெச்சா வம்பு, வெக்காம வேற ஆடினா தப்பிச்சிக்கலாம். இருபது நிமிஷம் அதத்தான் யோசிச்சிகினு இருந்தேன்.”

“அப்புறம் ஏன் வெச்ச?”

“வெக்காம இருந்தா அது நீ சொல்லி மாத்துனது. வாயால சொன்னா இன்னா, மூஞ்சால சொன்னா இன்னா? நீ வரலன்னா நான் எத ஆடியிருப்பேனோ, அதையே ஆடினேன்.” அவள் குரல் அப்போதுதான் முதல்முறையாக உடைந்தது. “என் ஆட்டத்த என்கிட்டருந்து நீதான் புடுங்கிக்கினடி. கோதண்டராமன் இல்ல.”

வினிதா எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, வாசல் பக்கம் போனாள். ஆனந்தன் பைக்கைக் கிளப்பும் சத்தம் கேட்டது. போகும்போது அவன் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

சிநேகா வந்த வழியே பஸ்ஸில் செங்கல்பட்டு திரும்பினாள். உள்ளே போயிருக்கவே கூடாது என்று நூறு தடவை நினைத்தாள். அதைவிடவும் அவளை உலுக்கியது வேறொன்று. நடுவர் மட்டும் வந்து குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால், இன்னும் ஒரு நிமிடம் வினிதா தன்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால், தான் தலையை ஆட்டியிருப்போமா மாட்டோமா? ஆட்டியிருக்க மாட்டேன் என்று தன்னிடமே அடித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

பத்து நாள் வினிதாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. சிநேகா அனுப்பிய மன்னிப்புகளைப் படித்தாள் என்பதற்கு அடையாளம் மட்டும் போனில் தெரிந்தது. கம்பெனி பஸ்ஸில் சிநேகா ஆட்டங்களைத் திறக்கவில்லை. கேளம்பாக்கம் நெரிசலில் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். பதினாலு வருடத்துச் சிநேகம் ஒரு வார்த்தையில் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டாள். போன் ஒலித்தாலே பயம், ஒலிக்காவிட்டாலும் பயம்.

பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது வினிதாவின் பெயர் திரையில் வந்தது. கையைத் துடைத்துக்கொள்ளாமலே எடுத்தாள். வினிதா நலம் விசாரிக்கவில்லை, பழையதையும் எடுக்கவில்லை. பின்னணியில் அலைச் சத்தமும், ஆனந்தன் யாரையோ கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. அடுத்த மாதம் ஒடிசாவில் ஒரு போட்டி இருப்பதாகச் சொன்னாள். ஜனவரியில் சிநேகா அனுப்பியிருந்த ஒரு தொடக்கத்தின் பெயரைச் சொன்னாள். அதில் கருப்பு பன்னிரண்டாவதில் சிப்பாயைத் தள்ளினால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

சிநேகாவுக்கு அந்த நிலை நன்றாக நினைவிருந்தது. பதில் இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகமும் இருந்தது. அது நாக்கு நுனிவரை வந்தது.

“அத நான் பாக்கல வினி” என்றாள்.



“செரி. பாத்துட்டு சொல்லு” என்றாள் வினிதா. வைத்துவிட்டாள்.

சிநேகா வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்துபோய் மடிக்கணினியைத் திறந்தாள். பன்னிரண்டாவது நகர்த்தலில் கருப்புச் சிப்பாயைத் தள்ளி வைத்துவிட்டு, முதல் கிளையிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.